ஓட்டக் கணக்கை யாரிடம் கொடுத்து வைப்பது?

எண்டோமோண்டோ ஞாபகம் இருக்கிறதா? ஸ்ட்ராவா எல்லார் வாயிலும் அடிபட ஆரம்பிப்பதற்கு முன்னால், ஓடுகிறவர்களும் சைக்கிள் மிதிக்கிறவர்களும் போனில் வைத்திருந்த செயலிகளில் அதுவும் ஒன்று. 2007-இல் டென்மார்க்கில் தொடங்கியது. 2015-இல் அண்டர் ஆர்மர் என்ற அமெரிக்க விளையாட்டு உடைக் கம்பெனி அதை 8.5 கோடி டாலருக்கு வாங்கியது. அதே சமயத்தில் சாப்பாட்டுக் கணக்கு எழுதும் மைஃபிட்னஸ்பாலையும் 47.5 கோடி டாலருக்கு வாங்கிப் போட்டது. நம் உடம்புக் கணக்கெல்லாம் கையில் இருந்தால் ஷூவும் பனியனும் விற்றுத் தள்ளிவிடலாம் என்று நினைத்திருக்க வேண்டும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஐந்து வருடத்தில் மைஃபிட்னஸ்பாலை வாங்கியதைவிடக் குறைந்த விலைக்குக் கைமாற்றிவிட்டார்கள். எண்டோமோண்டோவை 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு மூடிவிட்டார்கள்.

பதிவுகளை இறக்கிக்கொள்ள அவகாசம் கொடுத்தார்கள், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் மின்னஞ்சலைத் திறந்தே பார்க்காதவர்கள் எத்தனையோ பேர். முழங்கால் வலி என்று ஓடுவதை நிறுத்திவிட்டு, ஒரு வருடம் கழித்து "சரி, விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம்" என்று வந்தவர்களுக்கு அங்கே விட்ட இடமே இல்லை. முதன்முதலில் பத்து கிலோமீட்டர் நிற்காமல் ஓடிய அன்றைய தேதி, நேரம், பாதை எல்லாம் போயிற்று. இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஒரு கம்பெனி வாங்கியது, கட்டுப்படியாகவில்லை, மூடியது. வியாபாரத்தில் இதெல்லாம் சகஜம். பால் கணக்கு நோட்டை நம் வீட்டு ஆணியில் மாட்டாமல் பால்காரரிடமே கொடுத்துவைத்தால், அவர் தொழிலை விடும்போது நோட்டும் அவரோடு போய்விடும், அவ்வளவுதான்.

எங்கள் காலைநேர ஓட்டக் கூட்டத்தில் ஒரு தம்பி இருக்கிறான். என்னைவிட வேகமாக ஓடுவான், என்னைவிட அதிகமாகக் கேள்வி கேட்பான். ஓட்டக் கணக்கைக் கம்பெனியிடம் விடாமல் நானே வைத்துக்கொள்வதைப் பார்த்துவிட்டு, "அண்ணே, சும்மா கிடைக்கிறதை விட்டுட்டு எதுக்குண்ணே இப்படிச் சுத்தி வளைச்சுக் கஷ்டப்படுறீங்க?" என்பான். அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

சும்மா கிடைப்பது எத்தனை நாளைக்குச் சும்மா கிடைக்கும் என்று நம்மால் சொல்லமுடியாது. ஸ்ட்ராவாவில் ஒரு குறிப்பிட்ட தெருவை யார் வேகமாகக் கடந்தார்கள் என்று காட்டும் முழுப் பட்டியலை 2020 மே மாதம் சந்தா கட்டுகிறவர்களுக்கு மட்டும் என்று மாற்றினார்கள். மைஃபிட்னஸ்பாலில் பொட்டலத்தின் பார்கோடை ஸ்கேன் செய்யும் வசதி பல வருடம் இலவசமாக இருந்தது. 2022 அக்டோபரில் அதுவும் காசுக்குப் போனது. 2024 நவம்பரில் ஸ்ட்ராவா வேறொரு விதியைக் கொண்டுவந்தது. உங்கள் ஸ்ட்ராவா பதிவைப் பயன்படுத்தும் வேறு செயலிகள் அதை உங்களுக்கு மட்டும்தான் காட்டலாம், இன்னொருவருக்குக் காட்டக்கூடாது. உங்கள் பயிற்சியாளர் அப்படிப்பட்ட ஒரு செயலி வழியாக உங்கள் ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால், உங்களுக்குச் சம்மதம் இருந்தும் பாதை அடைபடலாம். ஓடியது நீங்கள், வியர்வை உங்களுடையது, யார் பார்க்கலாம் என்பதை மட்டும் சான்பிரான்சிஸ்கோவில் இருக்கும் கம்பெனி முடிவு செய்கிறது.

கம்பெனி மூடவேண்டும் என்றுகூட இல்லை. 2020 ஜூலையில் கார்மின் கம்பெனியின் கணினிகளை ஒரு கும்பல் பூட்டிப் பணம் கேட்டபோது, உலகம் முழுவதும் கார்மின் கடிகாரம் கட்டியவர்கள் சில நாட்கள் தங்கள் ஓட்டத்தைச் செயலியில் பார்க்க முடியாமல் தவித்தார்கள். விஷயம் தெரிந்தவர்கள் தவிக்கவில்லை. கடிகாரத்தை யுஎஸ்பி கம்பியில் கணினியோடு இணைத்தால் உள்ளே ஃபிட் என்ற வடிவக் கோப்புகள் பத்திரமாக இருந்தன. அவற்றை எடுத்து வேறு எங்கு வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். கோப்பு கையில் இருப்பவனுக்கு சர்வர் விழுந்தால் என்ன, நின்றால் என்ன.

அடுத்து, ஓட்டப் பதிவு என்ன சொல்லும் என்பதையும் பலர் யோசிப்பதில்லை. எத்தனை கலோரி எரிந்தது என்பதை விடுங்கள். தினமும் எந்த வாசலில் தொடங்குகிறீர்கள், எத்தனை மணிக்கு வீட்டில் இல்லை, எந்த ஊருக்கு எப்போது போனீர்கள் எல்லாம் அதில் இருக்கிறது. 2017 நவம்பரில் ஸ்ட்ராவா தன் பயனர்களின் ஓட்டங்களையெல்லாம் சேர்த்து ஓர் உலக வரைபடம் வெளியிட்டது. பார்க்க அழகாக இருந்தது. இரண்டு மாதம் கழித்து, 2018 ஜனவரியில், நேதன் ரூசர் என்ற ஆஸ்திரேலிய மாணவர் அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு ஒரு விஷயத்தைச் சொன்னார். ஆப்கானிஸ்தான், சிரியா மாதிரி இடங்களில் எல்லாம் இருட்டாக இருக்க, நடுவில் சில இடங்கள் மட்டும் பளிச்சென்று தெரிந்தன. ராணுவ முகாம்களுக்குள் சிப்பாய்கள் சுற்றிச் சுற்றி ஓடிய தடம். ஆறு வருடத்துக்கு மேல் கழித்து, 2024-இல், பிரான்சின் லெ மோந்த் பத்திரிகை மக்ரோன், பைடன் போன்ற தலைவர்களின் மெய்க்காப்பாளர்கள் போட்ட ஸ்ட்ராவா பதிவுகளை வைத்தே தலைவர்களின் நடமாட்டத்தை ஊகிக்க முடிகிறது என்று எழுதியது. இத்தனைக்கும் ஸ்ட்ராவாவில் வீட்டுப் பக்கத்தை மறைக்கும் வசதி உண்டு, பதிவை யாருக்கும் காட்டாமல் வைத்துக்கொள்ளும் வசதியும் உண்டு. மெய்க்காப்பாளர்களே அதைத் தொடவில்லை என்றால் நாம் எங்கே தொடப்போகிறோம்?

சரி, மாற்று என்ன?

கூகுளிடம் மை டிராக்ஸ் என்று ஒரு செயலி இருந்தது. ஓடும்போது போகும் பாதையைப் பதிந்துவைக்கும், அவ்வளவுதான் வேலை. 2016 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு கூகுள் அதை நிறுத்திவிட்டது. இதுவரை எண்டோமோண்டோ கதைதான். ஆனால் மை டிராக்ஸின் மூலநிரலைக் கூகுள் ஏற்கெனவே எல்லாருக்கும் திறந்துவிட்டிருந்தது. அதை எடுத்து, இணையத்துக்கு அனுப்புவதையெல்லாம் கழற்றிவிட்டு, தன்னார்வலர்கள் வளர்த்ததுதான் ஓப்பன்டிராக்ஸ். பெற்ற கம்பெனி கைவிட்ட பிறகும் அது ஆண்ட்ராய்டு போன்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. எண்டோமோண்டோவை இப்படி யாரும் எடுத்து வளர்க்க முடியவில்லை, ஏனென்றால் அதன் நிரல் பூட்டிய அறையில் இருந்தது. இந்த இரண்டு செயலிகளின் கதையைச் சொன்னபிறகுதான் தம்பி கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டான்.

ஓப்பன்டிராக்ஸை நான் பரிந்துரைப்பதற்கு முதல் காரணம், அதற்கு இணைய அனுமதியே கிடையாது. தனியுரிமைக் கொள்கை என்று நாற்பது பக்கம் எழுதி நம்மை ஒப்புக்கொள்ள வைப்பதெல்லாம் இல்லை. அது நினைத்தாலும் எதையும் வெளியே அனுப்ப முடியாது. அதனால் அதற்குள் வரைபடமும் இல்லை. வரைபடம் வேண்டுமென்றால் ஓஎஸ்எம் டாஷ்போர்டு என்ற துணைச் செயலியைச் சேர்த்து நிறுவவேண்டும். அது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தின் மேல் உங்கள் தடத்தைப் போட்டுக் காட்டும். முதல்தடவை பார்ப்பவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும். "என்னண்ணே, மேப்புக்குக்கூட இன்னொரு ஆப்பா?" என்று அவனும் கேட்டான். ஆமாம், இன்னொரு ஆப்தான். ஓடும்போது வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே ஓடுகிற ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

மற்றபடி வேண்டியதெல்லாம் இருக்கிறது. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் தூரம், வேகம் குரலில் சொல்லும். நெஞ்சில் கட்டும் இதயத்துடிப்புப் பட்டை, சைக்கிள் பெடல் வேகமானி போன்றவற்றை ப்ளூடூத் வழியாகச் சேர்த்துக்கொள்ளும். போனில் காற்றழுத்தமானி இருந்தால் ஏற்ற இறக்கத்தை ஓரளவு ஒழுங்காகக் கணக்கிடும். எனக்கு மிகவும் பிடித்தது, ஓட்டம் முடிந்ததும் பதிவைத் தானாகவே ஒரு கோப்புறையில் ஜிபிஎக்ஸ் கோப்பாகப் போட்டுவைக்கச் சொல்லலாம். ஜிபிஎக்ஸ் வடிவம் 2002-இலிருந்து இருக்கிறது. சாதாரண எழுத்துக்கோப்பு, நோட்பேடில்கூடத் திறக்கும். உள்ளே அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், நேரம் வரிவரியாக இருக்கும். இருபது வருடம் கழித்தும் திறக்கும் என்று தைரியமாக நம்பலாம்.

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கலைச் சொல்லியாக வேண்டும். நம்மூரில் விற்கும் ஆண்ட்ராய்டு போன்கள் பலவும் பேட்டரியைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று, திரை அணைந்ததும் பின்னால் ஓடுகிற செயலிகளைக் கொன்றுவிடும். பெரிய கம்பெனிச் செயலிகளுக்குச் சில போன்களில் தனிச் சலுகை உண்டு, ஓப்பன்டிராக்ஸ் மாதிரிச் செயலிகளுக்குக் கிடையாது. பாதி ஓட்டத்தில் பதிவு நின்றுபோனால் செயலியைத் திட்டாதீர்கள். போனின் அமைப்புகளுக்குப் போய், இந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாடு வேண்டாம் என்று குறியுங்கள். எந்தப் போனில் எங்கே அந்தப் பொத்தானை ஒளித்துவைத்திருக்கிறார்கள் என்று கம்பெனி வாரியாகச் சொல்ல டோண்ட் கில் மை ஆப் என்றே ஓர் இணையதளம் இருக்கிறது.

இன்னொன்று, ஒரே ஓட்டத்தை இரண்டு செயலியில் பதிந்தால் இரண்டு தூரம் காட்டும். இதற்காகச் சண்டை போடாதீர்கள். உயரமான கட்டடங்களுக்கு நடுவிலும் அடர்ந்த மரங்களுக்கு அடியிலும் ஜிபிஎஸ் புள்ளிகள் அங்கும் இங்கும் துள்ளும். அந்தத் துள்ளலை ஒவ்வொரு செயலியும் ஒவ்வொரு விதமாக வழித்துச் சமன் செய்கிறது. கட்டணச் செயலி என்பதற்காகச் செயற்கைக்கோள் உங்களுக்கு மட்டும் தனியாக வந்து நிற்காது.

வரைபடம் உள்ளேயே வேண்டும், பார்க்க எளிமையாக இருக்கவேண்டும் என்பவர்கள் ஃபிட்டோடிராக்கைப் பார்க்கலாம். இரண்டு நிமிடம் வேகம், ஒரு நிமிடம் மெதுவாக என்று இடைவெளி வைத்துப் பயிற்சி செய்கிறவர்களுக்கு ரன்னர்அப் நல்லது, நேரம் மாறும்போது காதில் சொல்லிவிடும். கணினியில் உட்கார்ந்து சைக்கிள் பவர் மீட்டர் கணக்குகளை நோண்டுகிற ஆட்களுக்கு கோல்டன்சீட்டா இருக்கிறது. அதில் இருக்கும் வரைபடங்களில் பாதி எனக்குப் புரியாது. புரிகிறவர்கள் காசு கொடுத்து வாங்கும் மென்பொருளுக்கு இது எந்த விதத்திலும் குறைவில்லை என்கிறார்கள்.

இதையெல்லாம் எங்கே எடுப்பது? எஃப்-டிராய்டு என்ற களஞ்சியத்தில். 2010-இலிருந்து நடக்கிறது. மூலநிரல் எல்லாருக்கும் திறந்திருக்கும் கட்டற்ற மென்பொருளை மட்டும்தான் சேர்ப்பார்கள். ஒரு செயலியில் விளம்பரம், வேவு பார்ப்பது போன்ற வேண்டாத குணம் ஏதாவது இருந்தால் அதன் பக்கத்திலேயே எச்சரிக்கை போட்டுவிடுவார்கள். பிளே ஸ்டோர் பக்கத்தில் அப்படி ஒரு நேர்மையை நான் இன்னும் பார்க்கவில்லை.

இப்போது கையில் கட்டுகிற சமாசாரத்துக்கு வருகிறேன். தம்பியின் உண்மையான கவலை அதுதான். "போன் சரிண்ணே, வாட்ச்?"

இதற்கும் ஒரு பழைய கதை உண்டு. 2012-இல் பெபிள் என்ற கடிகாரத்துக்காக கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் மக்கள் 1 கோடி டாலருக்கு மேல் கொட்டினார்கள். ஸ்மார்ட் வாட்ச் என்ற ஆசையையே பலருக்கு மூட்டியது அதுதான். 2016 டிசம்பரில் ஃபிட்பிட் கம்பெனி பெபிளின் மென்பொருளையும் ஆட்களையும் வாங்கியது, பெபிள் தயாரிப்பு நின்றது. 2018-இல் பெபிளின் சர்வர்களையும் அணைத்தார்கள். ஃபிட்பிட்டைக் கூகுள் 210 கோடி டாலருக்கு வாங்குவதாக 2019-இல் அறிவித்து 2021 ஜனவரியில் வாங்கி முடித்தது. சின்ன மீனைப் பெரிய மீன் விழுங்கியது, அதை அதைவிடப் பெரிய மீன் விழுங்கியது. ஆனால் பெபிளைக் கட்டியிருந்தவர்கள் கழற்றி எறியவில்லை. ரெபிள் என்ற பெயரில் கூடித் தாங்களே சர்வர் வைத்துக்கொண்டார்கள். கடைசியில் 2025 ஜனவரியில் கூகுளே பெபிளின் இயங்குதள நிரலைத் திறந்துவிட்டது. பெபிளை உருவாக்கியவர் மறுபடி புதுக் கடிகாரம் செய்யக் கிளம்பிவிட்டார்.

பெபிளுக்காகத் தொடங்கிய இன்னொரு செயலிதான் கேட்ஜெட்பிரிட்ஜ். கம்பெனியின் சொந்தச் செயலி இல்லாமலே கடிகாரத்தோடு பேசவேண்டும் என்பது நோக்கம். பெபிளில் ஆரம்பித்து, பிறகு மி பேண்ட், அமேஸ்ஃபிட், ஹுவாவே, சில கார்மின் மாடல்கள் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. கம்பெனிகள் இதற்குத் துணையாக ஒரு காகிதமும் கொடுத்ததில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். கடிகாரமும் போனும் ப்ளூடூத்தில் என்ன பேசிக்கொள்கின்றன என்று தன்னார்வலர்கள் உட்கார்ந்து ஒட்டுக்கேட்டுக் கண்டுபிடித்து எழுதியதுதான் பெரும்பகுதி. இந்த உழைப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மலைப்பாக இருக்கும்.

கேட்ஜெட்பிரிட்ஜுக்கும் இணைய அனுமதி கிடையாது. கடிகாரத்தில் வானிலை தெரியவேண்டும் என்றால்கூட ப்ரீஸி வெதர் மாதிரி இன்னொரு செயலி இணையத்திலிருந்து எடுத்து இதன் கையில் கொடுக்கவேண்டும். நடை, துடிப்பு, தூக்கம் எல்லாம் உங்கள் போனிலேயே ஒரு தரவுத்தளக் கோப்பில் சேரும். வேண்டும்போது முழுக்கோப்பையும் ஏற்றுமதி செய்து எடுத்துக்கொள்ளலாம்.

சிரமம் எங்கே என்றால் இணைப்பதில். மி பேண்ட் 4-இலிருந்து அந்த வகைப் பட்டைகளில் ஒரு ரகசியச் சாவி வைத்துவிட்டார்கள். முதல்தடவை கம்பெனியின் சொந்தச் செயலியில் கணக்குத் திறந்து இணைத்தால்தான் அந்தச் சாவி பிறக்கும். பிறகு அதைக் கம்பெனி சர்வரிலிருந்து எடுக்க ஹுவாமி-டோக்கன் என்ற சிறிய பைத்தான் நிரலை ஓட்டவேண்டும். கிடைக்கும் நீளமான சாவிக்கு முன்னால் பூஜ்ஜியமும் எக்ஸும் சேர்த்து கேட்ஜெட்பிரிட்ஜில் ஒட்டவேண்டும். இதில் ஒன்றை மறக்காதீர்கள்: கம்பெனிச் செயலியை நீக்கும்போது, செயலியை மட்டும் நீக்குங்கள். அதற்குள் போய்க் கடிகாரத்தின் இணைப்பைத் துண்டித்தாலோ, கடிகாரத்தை ஆலை நிலைக்குத் திருப்பினாலோ பழைய சாவி செல்லாது, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டும். என் அம்மாவுக்கு இதைச் செய்துகொடுக்கலாம், செய்துகொள்ளச் சொல்லமுடியாது. இந்தப் பூட்டைப் போட்டது கம்பெனி, பழி என்னவோ தன்னார்வலர்கள் தலையில் விழுகிறது.

அதனால் புதிதாகக் கடிகாரம் வாங்கப்போகிறவர்களுக்கு என் யோசனை, விலையைப் பார்ப்பதற்கு முன்னால் கேட்ஜெட்பிரிட்ஜின் பட்டியலைப் பாருங்கள். எந்த மாடல் முழுதாக ஒத்துழைக்கும், எது அரைகுறை, எதற்குச் சாவி வேண்டும் என்று அங்கே எழுதியிருக்கும். ஒரே கம்பெனியின் ஒரு மாடல் சொன்னபடி கேட்கும், அடுத்த மாடல் முரண்டு பிடிக்கும். ஃபிட்பிட்டும் ஆப்பிள் வாட்சும் இந்த வழிக்கு வராது. பூட்டே இல்லாத கடிகாரம் வேண்டுமென்றால் பைன்டைம், பேங்கிள்.ஜேஎஸ் என்று இரண்டு உண்டு, கடிகாரத்துக்குள் ஓடும் மென்பொருளே திறந்தது. பைன்டைமில் ஜிபிஎஸ் கிடையாது, அழகிலும் கடைக் கடிகாரத்தோடு போட்டி போடாது. நிரல் எழுதுகிற பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுக்க நல்ல பொருள்.

தூக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கேட்ஜெட்பிரிட்ஜ் காட்டும் ஆழ்ந்த தூக்கக் கணக்கும் கம்பெனிச் செயலி காட்டுவதும் சில சமயம் ஒத்துப்போகாது. எது சரி என்று என்னைக் கேட்கிறார்கள். ஆஸ்பத்திரியில் தூக்கத்தை அளக்கும்போது தலையில் மின்முனைகள் ஒட்டி மூளையின் அலைகளைப் பார்க்கிறார்கள். கடிகாரம் மணிக்கட்டில் பச்சை விளக்கடித்து, கை அசைவதையும் பார்த்து ஊகிக்கிறது. அதனால் இரண்டு செயலிகள் காட்டுவதும் ஊகம்தான், ஒன்று கொஞ்சம் நல்ல வண்ணத்தில் காட்டுகிறது. பத்தாயிரம் அடி கணக்கும் அப்படித்தான். 1965-இல் ஜப்பானில் ஒரு கம்பெனி தன் நடைமானிக்கு 'பத்தாயிரம் அடி அளவி' என்று அர்த்தம் வரும் பெயர் வைத்தது, அந்த எண் உலகம் பூராவும் ஒட்டிக்கொண்டது. ஏழாயிரத்தில் வீட்டுக்கு வந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போய்விடாது.

சாப்பாட்டுக் கணக்கில்தான் கட்டற்ற மென்பொருள் நம்மிடம் கொஞ்சம் தடுமாறுகிறது, காரணம் மென்பொருள் இல்லை. 2018-இல் மைஃபிட்னஸ்பாலில் சுமார் 15 கோடிப் பேரின் பயனர்பெயர், மின்னஞ்சல் முகவரிகள் திருடு போயின. அதற்குப் பிறகு வேறு இடம் தேடியவர்களுக்கு இன்று ஓப்பன்நியூட்ரிடிராக்கர், வெயிஸ்ட்லைன் என்று நல்ல செயலிகள் இருக்கின்றன. இரண்டுமே ஓப்பன் ஃபுட் ஃபேக்ட்ஸ் என்ற பொதுத் தரவுத்தளத்தில் தேடுகின்றன. 2012-இல் பிரான்சில் தொடங்கியது அது. யார் வேண்டுமானாலும் பொட்டலத்தைப் படம் எடுத்துச் சேர்க்கலாம், இப்போது 30 லட்சத்துக்கும் மேல் பொருட்கள் இருக்கின்றன. பிரான்சில் கடைக்குப் போய் எதை ஸ்கேன் செய்தாலும் பெரும்பாலும் வரும். இங்கே நம் தெருக்கடையின் முறுக்குப் பொட்டலத்தை ஸ்கேன் செய்தால் "அப்படி ஒன்று இல்லை, நீங்களே சேர்க்கிறீர்களா?" என்று கேட்கும்.

பொட்டலத்துக்கு இந்தக் கதி என்றால் வீட்டுச் சாப்பாட்டுக்கு என்ன சொல்வது. இட்லியில் பார்கோடு இல்லை. கட்டணச் செயலிகளில் 'இட்லி' என்று தேடினால் பத்து விதமாக வரும், பத்திலும் பத்துக் கலோரிக் கணக்கு, யார் போட்டது என்று தெரியாது. அதைவிட நான் செய்வது எளிது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவுப் பொருள் அட்டவணையில் 528 பொருட்களின் சத்துக் கணக்கு இருக்கிறது. அரிசி, உளுந்து, கீரை வகைகள் என்று நம் சமையலறையில் இருப்பவைதான். அதில் சமைத்த பண்டம் இருக்காது, மூலப்பொருள்தான் இருக்கும். எங்கள் வீட்டு மாவின் அரிசி-உளுந்து அளவை வைத்து வெயிஸ்ட்லைனில் ஒருதடவை சமையல் குறிப்பாகப் போட்டுவிட்டால் பிறகு எத்தனை இட்லி என்று எண்ணினால் போதும். சாம்பாருக்கு நான் இதுவரை முயலவில்லை. எங்கள் வீட்டில் ஒருநாள் வைத்த சாம்பார் மறுநாள் வைப்பதில்லை.

எடை பார்க்கும் ப்ளூடூத் தராசு வைத்திருப்பவர்களுக்கு ஓப்பன்ஸ்கேல் இருக்கிறது, பல தராசுகளோடு நேராகப் பேசும். தராசு சொல்லும் கொழுப்பு சதவீதத்தைத் தினம் பார்த்து நொந்துபோகாதீர்கள். பாதம் வழியாக மெல்லிய மின்சாரம் விட்டுச் சூத்திரம் போட்டுச் சொல்வது அது. தண்ணீர் குடித்தாலே மாறும்.

மாதவிடாய்க் கணக்குச் செயலிகளைப் பற்றி எழுதாமல் போகமுடியாது. ஓட்டத் தடத்தைவிட அந்தரங்கமான தகவல் அது. ஃப்ளோ என்ற பிரபலமான செயலி அந்தத் தகவலை ஃபேஸ்புக், கூகுள் போன்றவற்றின் பகுப்பாய்வுப் பிரிவுகளுக்குக் கொடுத்ததாக அமெரிக்க வணிக ஆணையம் குற்றம்சாட்டி, 2021-இல் அந்தக் கம்பெனியோடு உடன்பாட்டுக்கு வந்தது. டிரிப் என்ற கட்டற்ற செயலி எல்லாவற்றையும் போனுக்குள்ளேயே வைத்துக்கொள்கிறது, கடவுச்சொல்லும் போட்டுக்கொள்ளலாம். வீட்டில் இருக்கும் பெண்களுக்கு இந்தப் பதிவில் ஒரே ஒரு பெயரை மட்டும் சொல்வதென்றால் இதைச் சொல்லுங்கள்.

சரி, எதை இழக்கிறோம்? தம்பி கடைசியில் பிடித்தது இந்த இடத்தைத்தான். "நான் ஓடினதை நாலு பேர் பார்த்து லைக் போடலைன்னா எதுக்குண்ணே ஓடணும்?" விளையாட்டாகத்தான் சொன்னான், ஆனால் அதில் உண்மை இருக்கிறது. ஸ்ட்ராவாவின் பலம் ஜிபிஎஸ் இல்லை, கூட்டம். மழை பெய்கிறது என்று போர்த்திக்கொண்டு படுத்திருப்பவனைப் பக்கத்துத் தெரு நண்பனின் காலைப்பதிவு எழுப்பிவிடும். ஓப்பன்டிராக்ஸ் யாரையும் எழுப்பாது. சொந்தமாக சர்வர் வைத்து நண்பர்களைச் சேர்த்துக்கொள்ள ஃபிட்டிராக்கி, எண்டுரெய்ன் என்று சில மென்பொருள்கள் வளர்ந்துவருகின்றன. நன்றாகவே இருக்கின்றன. ஆனால் சர்வருக்கு மாதவாடகை, புதுப்பிப்பு, காப்புப்பிரதி என்று ஒருவர் பொறுப்பெடுக்கவேண்டும். எங்கள் கூட்டத்தில் அந்த ஒருவர் நானாகத்தான் இருப்பேன் என்பதால் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஓட்டம் முடிந்ததும் தூரத்தை வாட்ஸப் குழுவில் போட்டுவிடுகிறோம். கிண்டலும் உற்சாகமும் அங்கேயே கிடைத்துவிடுகின்றன.

ஐபோன்காரர்களுக்கு இந்தப் பக்கம் தேர்வு குறைவு. எஃப்-டிராய்டு மாதிரி ஒன்று அங்கே இல்லை, ஆப்பிள் கடையில் செயலி வைக்கத் தன்னார்வலரும் வருடத்துக்கு 99 டாலர் கட்டவேண்டும். ஓப்பன்நியூட்ரிடிராக்கர் ஐபோனிலும் உண்டு. மற்றதற்கு, ஆப்பிளின் ஹெல்த் செயலியிலிருந்து அவ்வப்போது மொத்தமாக ஏற்றுமதி செய்து வைத்துக்கொள்வதுதான் நான் சொல்லக்கூடிய வழி.

போன் தொலைந்தால் எல்லாம் போச்சே என்பது நியாயமான பயம். கம்பெனி சர்வரில் இருக்கும்போது அந்தப் பயம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். உங்கள் கணக்கை நீங்களே வைத்துக்கொள்வது என்றால் காப்புப்பிரதியும் உங்கள் வேலைதான். நான் ஓப்பன்டிராக்ஸ் கோப்புறையை சின்க்திங் வழியாக வீட்டுக் கணினியோடு இணைத்திருக்கிறேன். வீட்டு வைஃபையில் போன் வந்து சேர்ந்ததும் கோப்பு அங்கே போய்விடும். இதெல்லாம் முடியாதென்றால் மாதம் ஒருமுறை கோப்புகளை உங்களுக்கு நீங்களே மின்னஞ்சலில் அனுப்பிக்கொள்ளுங்கள், அதுவும் காப்புப்பிரதிதான்.

ஸ்ட்ராவாவை இன்றே தூக்கிப்போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. தம்பி இன்னும் ஸ்ட்ராவாவில்தான் இருக்கிறான். ஆனால் ஒரு வேலையை மட்டும் அவனிடம் செய்யச் சொன்னேன், செய்தான். உங்களிடமும் அதையே கேட்கிறேன். ஸ்ட்ராவாவில் கணக்கு அமைப்புகளுக்குள் உங்கள் பதிவுகள் அனைத்தையும் மொத்தமாக இறக்கிக்கொள்ளும் வசதி இருக்கிறது, கார்மினிலும் இருக்கிறது, ஃபிட்பிட்டில் கூகுள் டேக்அவுட் வழியாக எடுக்கலாம். இந்த வாரம் ஒரு தடவை எடுத்து வையுங்கள். அடுத்தது, ஓப்பன் ஃபுட் ஃபேக்ட்ஸை நிறுவி, உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் 890 என்று தொடங்கும் பார்கோடுகளை ஸ்கேன் செய்து பாருங்கள். இல்லாத பொருளுக்கு முன்பக்கம், சேர்மானம், சத்துப்பட்டியல் என்று மூன்று படம் எடுத்துச் சேர்க்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. தமிழில் எழுதத் தெரிந்தவர்கள் வெப்லேட் தளத்துக்குப் போய் ஓப்பன்டிராக்ஸ், கேட்ஜெட்பிரிட்ஜ் இரண்டிலும் தமிழாக்கத்தில் விட்டுப்போன வரிகளைப் பாருங்கள். நிரல் தெரியவேண்டியதில்லை. இணைப்பதில் எங்காவது மாட்டிக்கொண்டால் கடிகாரத்தின் மாடல் பெயரோடு பின்னூட்டத்தில் எழுதுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.